டிராகன்போர்ன் பிள்ளை வளர்ப்பு: வாசகர் கேள்வி – பதில்

பகடை உருட்டிக் கதையாக ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தில் வரும், டிராகன் மாதிரிச் செதிலுள்ள மனித உருவ இனமான டிராகன்போர்னின் உடலமைப்பு, பிள்ளை வளர்ப்பு பற்றி டர்பன் பக்கத்திலிருந்தும் வெளியிலிருந்தும் வந்த கேள்விகளை இந்த இதழில் சேர்த்துத் தருகிறோம். 2014-ல் வந்த ஐந்தாம் பதிப்பு பிளேயர்ஸ் ஹேண்ட்புக்கை அடிப்படையாக வைத்திருக்கிறோம். அதில் இந்த விஷயத்துக்கு ஒதுக்கியிருப்பது சில வரிகள்தான்: பொரிந்த சில மணி நேரத்தில் பிள்ளை நடக்கும், 3 வயதில் 10 வயது மனிதப் பிள்ளையின் அளவையும் வளர்ச்சியையும் எட்டும், 15 வயதில் பெரிய ஆள், ஆயுள் 80 வயதை ஒட்டி. மிச்சத்தை உண்மையான பிராணிகளின் உயிரியலை வைத்துத்தான் கட்ட வேண்டும். எது புத்தக விதி, எது நாங்கள் வகுத்த மேசை விதி என்று அந்தந்த இடத்தில் பிரித்துச் சொல்லியிருக்கிறோம்.

கேள்வி: எங்கள் கேம்ப்பெயினில் (பல செஷன் தொடரும் ஆட்டக் கதையில்) இரண்டு டிராகன்போர்ன் கேரக்டர்களுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. அடுத்தது முட்டைதான். எத்தனை முட்டை, எவ்வளவு பெரிசு, எத்தனை நாள் அடைகாக்க வேண்டும்? நான்தான் டிஎம், அதாவது ஆட்டத்தை நடத்துபவர். புத்தகத்தில் ஒன்றும் அகப்படவில்லை.
– வாசகி, சாட்ஸ்வொர்த்

பொரிந்த அன்றே நடக்கும் என்ற வரியைப் பிடித்துக்கொள்ளுங்கள். முக்கால்வாசிப் பதில் அதற்குள் இருக்கிறது. பிறந்தவுடன் நடக்கும் குஞ்சு முட்டைக்குள்ளேயே எலும்பும் தசையும் முற்றித்தான் வெளியே வரும். கோழி, தீக்கோழி, முதலை எல்லாம் இப்படி. உள்ளேயே முற்ற வேண்டுமென்றால் மஞ்சள் கரு நிறைய வேண்டும். அதனால் முட்டை பெரிதாகும், எண்ணிக்கை குறையும்.

எடையைப் பார்ப்போம். வளர்ந்த டிராகன்போர்ன் ஆறடிக்கு மேல் உயரம். சராசரி எடை ஏறக்குறைய 250 பவுண்டு, அதாவது 113 கிலோ. பிள்ளை 3 கிலோ என்று வையுங்கள். பறவைகளில் குஞ்சின் எடை முட்டை எடையில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு. அவுட்ஷூர்ன் பண்ணைத் தீக்கோழி முட்டை 1.4 கிலோ இருந்தால் குஞ்சு 900 கிராமை ஒட்டி வரும். அதே விகிதத்தில் 3 கிலோ பிள்ளைக்கு 4.5 கிலோ முட்டை தேவை. அதைக் கோழி முட்டை வடிவத்தில் கற்பனை செய்தால் 24 செ.மீ. நீளம், 18 செ.மீ. அகலம். சிக்கல் இங்கேதான். மனிதக் குழந்தையின் தலையே 9.5 செ.மீ. அகலம்தான், அதற்கே பிரசவம் எவ்வளவு கஷ்டம் என்பது தெரிந்ததே. 18 செ.மீ. அகலமான கெட்டி ஓடு தாயின் இடுப்பெலும்பைத் தாண்டி வராது.

இதற்குப் பல்லியும் பாம்பும் வழி வைத்திருக்கின்றன. அவற்றில் பலவற்றின் முட்டை ஓடு தோல் மாதிரி நெகிழும். இட்ட பிறகு மண்ணிலுள்ள ஈரத்தை உறிஞ்சி முட்டை ஊதிக்கொண்டே போகும். சில இனங்களில் எடை இரண்டு மடங்குகூட ஆகும். ஆகவே எங்கள் மேசை விதி: இடும்போது முட்டை 2.5 கிலோ, 26 செ.மீ. நீளம், 13 செ.மீ. அகலம். பொரியும் வாரத்தில் 4.5 கிலோ. உறிஞ்சுவது தண்ணீர் மட்டும்தான். சதை வைக்கத் தேவையான கொழுப்பும் புரதமும் முதல் நாளே மஞ்சள் கருவில் இருந்தாக வேண்டும். அதனால் கர்ப்பமாக இருக்கும் தாய்க்குச் சாப்பாடு குறைந்தால் முட்டை ஊதும், பிள்ளை மட்டும் மெலிந்து வரும்.

எண்ணிக்கைக்கு ஒரு டி20 (இருபது முகப் பகடை) உருட்டுங்கள்: 15 வரை ஒன்று, அதற்கு மேல் இரண்டு. ‘ஒரே ஈட்டில், அதாவது ஒரே தடவை இட்ட முட்டைகளில், பிறந்த பிள்ளைகள் எல்லாரும் உடன்பிறந்தவர்கள், அப்படியானால் நிறைய முட்டை இருக்க வேண்டுமே’ என்று சிலர் கேட்கிறார்கள். தீக்கோழியில் பல பெட்டைகள் ஒரே குழியில் முட்டையிடும். தலைமைப் பெட்டையும் சேவலும் மாறி மாறி அடைகாக்கும். குலத்துக்காகவே வாழும் டிராகன்போர்னுக்கு இந்த ஏற்பாடு கச்சிதமாகப் பொருந்தும். ஒரு பருவத்தில் குலத்துப் பெண்கள் எல்லாரும் ஒரே கூட்டில் இட்டால், அத்தனை பிள்ளைகளும் ஒரே ஈடுதான்.

நாள் கணக்கு: தீக்கோழிக்கு 42 நாள், நைல் முதலைக்கு மூன்று மாதம் போல. நாங்கள் 12 வாரம், 84 நாள் வைத்திருக்கிறோம். கூட்டின் சூடு 31, 32 டிகிரி செல்சியஸ். பாசியும் மணலும் கலந்த மண்ணில் பாதி புதைத்து வைக்க வேண்டும். ஈரம் சரியா என்று பார்க்க ஒரு பிடி மண்ணை எடுத்து இறுக்கிப் பிழியுங்கள்: உருண்டையாக நிற்க வேண்டும், விரலிடுக்கில் தண்ணீர் சொட்டக் கூடாது. முதல் இரண்டு மாதத்தில் ஓடு குழி விழுந்தால் மண் காய்ந்துவிட்டது என்று அர்த்தம். தண்ணீரைச் சுற்றியுள்ள மண்ணில்தான் விட வேண்டும், முட்டை மேல் ஊற்றக் கூடாது. ஓட்டின் நுண்துளைகள் அடைபட்டால் உள்ளே மூச்சு முட்டும். கடைசி வாரத்தில் விழும் குழியைக் கண்டு பயப்பட வேண்டாம், பிள்ளை வெளியே வரத் தயாராகிறது. சூடு 35 டிகிரிக்கு மேல் நின்றால் முதுகெலும்பு வளைந்த பிள்ளைகள் பிறக்கும்; இன்னும் ஏறினால் ஒன்றும் மிஞ்சாது.

கேள்வி: வீட்டில் கோழிக்கு இன்குபேட்டர் வைத்திருக்கிறோம். முட்டையைத் தினமும் திருப்பிவிடுவோம். டிராகன்போர்ன் முட்டைக்கும் அப்படித்தானா? லோட் ஷெடிங்கில் இரண்டு மணி நேரம் கரண்ட் போய்விட்டால் கோழி முட்டைக்கு நாங்கள் படும் பாடு, ஆட்டத்தில் முட்டையைச் சுமந்து பனியில் நடப்பவர்களுக்கும் உண்டா?
– வாசகர், டொங்காட்

திருப்பவே கூடாது. கோழி முட்டையில் மஞ்சள் கருவை இரண்டு பக்கமும் கயிறு மாதிரி வெள்ளைத் திரி பிடித்திருக்கும். திருப்பாமல் விட்டால் கரு ஓட்டில் ஒட்டிச் சாகும். முதலை, பாம்பு, பல்லி முட்டையில் நிலைமை நேர் எதிர். இட்ட ஒன்றிரண்டு நாளில் கரு மேல்பக்க ஓட்டில் தானாகப் போய் ஒட்டிக்கொண்டு அங்கேயே வளரும். அதற்குப் பிறகு தலைகீழானால் சவ்வு கிழியும், அல்லது மஞ்சள் கருவின் பாரம் கருவை அமுக்கிவிடும். முட்டை எடுப்பவர்கள் முதல் வேலையாக மேல்பக்கத்தில் பென்சிலால் ஒரு குறி போடுவது இதற்காகத்தான். உங்கள் கட்சியிலும் (ஆட்டத்தில் சேர்ந்து பயணம் போகும் குழுவிலும்) யாராவது கரிக்கட்டியால் குறி போடட்டும்.

மேசை விதி: மூன்றாம் நாளிலிருந்து முட்டை உருண்டால் டி20 போடுங்கள். 10-க்குக் கீழே வந்தால் கரு போய்விட்டது. ஆனால் உடனே சொல்லாதீர்கள். இருட்டில் விளக்கை முட்டைக்குப் பின்னால் பிடித்துப் பார்க்கட்டும். சிவப்பு நரம்பு வலை தெரிந்தால் உயிர் இருக்கிறது. ஒரே மஞ்சளாக, நரம்பு குலைந்து வளையமாகத் தெரிந்தால் இல்லை. வீரர்கள் தாங்களே பார்த்துத் தெரிந்துகொள்வது டிஎம் சொல்லித் தெரிவதைவிட நூறு மடங்கு மேல்.

குளிரைப் பற்றி ஓர் ஆறுதல். சில மணி நேரக் குளிர்ச்சி கருவின் வளர்ச்சியை மெதுவாக்கும், பெரும்பாலும் கொல்லாது. கரண்ட் போனால் மூடியைத் திறக்காமல் கம்பளி போர்த்தி வைத்தாலே போதும் என்பது உங்களுக்கே அனுபவமாக இருக்கும். ஆட்டத்தில் ஓர் இரவு முழுக்க 25 டிகிரிக்குக் கீழே போனால் பொரியும் தேதியை ஒரு நாள் தள்ளிப் போடுங்கள். பயப்பட வேண்டியது சூட்டுக்குத்தான்: குளிருக்குப் பயந்து முட்டையை நெருப்புக்குப் பக்கத்தில் வைக்கும் கட்சிதான் முட்டையை இழக்கும்.

கேள்வி: பொரிந்தவுடன் நடக்கிறது, வேகமாக வளர்கிறது. அப்படியானால் பெற்றோர் எதற்கு? என் நண்பர்கள் டிராகன்போர்னைப் பாம்பு மாதிரி, முட்டையிட்டுவிட்டுப் போய்விடுகிறவர்களாக ஆடுகிறார்கள்.
– வாசகர், பீனிக்ஸ்

பாம்பு போய்விடும் என்பதே முழு உண்மையில்லை. நம் தென்னாப்பிரிக்க மலைப்பாம்பைப் பாருங்கள். விட்வாட்டர்ஸ்ரான்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் கிரஹாம் அலெக்சாண்டர் டினோகெங் காட்டில் பல ஆண்டுகள் கவனித்து 2018-ல் வெளியிட்ட ஆய்வு இது. தாய் ஆர்ட்வார்க் தோண்டிய வளைக்குள் முட்டையிடும். நிறம் கறுத்துப்போய், வளை வாசலில் வெயில் காயும். உடம்பு 40 டிகிரியை நெருங்கும் வரை சூடேற்றிக்கொண்டு உள்ளே போய் முட்டைகளைச் சுற்றிக்கொள்ளும். இத்தனை நாளும் இரை எடுக்காது. பொரிந்த பிறகும் இரண்டு வாரம் போல இருக்கும். பகலில் வாசலில் வெயில் காயும் குஞ்சுகள் இரவில் தாயின் சுருளுக்குள் வந்து படுக்கும். செயின்ட் லூசியா பக்கத்து நைல் முதலையோ, முட்டைக்குள்ளிருந்து குஞ்சு கூப்பிடும் சத்தம் கேட்டு மண்ணைத் தோண்டி, வாயில் கவ்வித் தண்ணீருக்குக் கொண்டுபோகும். ஊர்வனவே இவ்வளவு செய்யும்போது, குலத்தை உயிருக்கு மேல் வைப்பதாகப் புத்தகமே சொல்லும் இனம் பிள்ளையை விட்டுப் போகும் என்று ஆடுவது பொருந்தவே பொருந்தாது.

அதோடு, சீக்கிரம் நடக்கிற குஞ்சுக்குத்தான் காவல் அதிகம் வேண்டும். மனிதக் குழந்தை முதல் சில மாதம் போட்ட இடத்தில் கிடக்கும். இது முதல் நாளே கிணற்றங்கரைக்கும் அடுப்படிக்கும் போய்விடும். வாத்துக் குஞ்சு பொரிந்த முதல் நாளில் எதைப் பார்க்கிறதோ அதையே தாயென்று பின்தொடரும். கான்ராட் லாரன்ஸ் 1935-ல் எழுதிய புகழ்பெற்ற ஆய்வு அது. உடனே நடக்கும் உயிர்களுக்கு யார் பின்னால் போவது என்பதும் உடனே பதிய வேண்டும். எங்கள் மேசையில் பொரிந்த முதல் ஆறு மணி நேரத்தில் அருகில் இருப்பவர்களைப் பிள்ளை தன்னவர்களாக எடுத்துக்கொள்ளும். அதனால் குலப் பெரியவர்கள் அந்த நேரம் கூட்டைச் சுற்றி உட்கார்ந்திருப்பார்கள். வெளியாள் நுழைய முடியாது.

பொரியும்போது கை வைக்காதீர்கள். மூக்கு நுனியில் உள்ள முட்டைப் பல்லால் ஓட்டைக் கீறிவிட்டுப் பிள்ளை ஒரு நாள்கூட அப்படியே படுத்திருக்கும். அந்த நேரத்தில்தான் மிச்சமிருக்கும் மஞ்சள் கருவும் ரத்தமும் உடம்புக்குள் இழுபடுகின்றன. பாவமென்று இழுத்துவிட்டால் ரத்தம் கொட்டும், கரு வெளியே தொங்கும். தானாக வந்த பிள்ளைக்கு வயிறு உப்பியிருக்கும்; இரண்டு மூன்று நாள் தண்ணீர் மட்டும் போதும். தொப்புள் தழும்பு காயும் வரை மண்ணில் விடாமல் சுத்தமான துணியில் போட வேண்டும். இந்த மூன்று நாளில் வலுக்கட்டாயமாக ஊட்டினால் உள்ளே இருக்கும் மஞ்சள் கரு கரையாமல் கெட்டுப்போகும்.

கேள்வி: நான்காம் பதிப்புப் படங்களில் டிராகன்போர்ன் பெண்களுக்கு மார்பு வரைந்திருந்தார்கள். முட்டையிடும் இனம் பாலூட்டுமா?
– வாசகி, ரோஸ் ஹில், மொரிஷியஸ்

ஊட்டலாம், உயிரியலில் தடையில்லை. பிளாட்டிபஸும் எக்கிட்னாவும் முட்டையிட்டுப் பாலூட்டுகின்றன; காம்பே கிடையாது, தோலில் கசியும் பாலைக் குட்டி நக்கும். ஐந்தாம் பதிப்பு இதைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. முடிவு உங்கள் மேசையுடையது.

எங்கள் விருப்பம் புறா வழி. புறாவுக்குத் தொண்டைப் பையின் உட்சுவர் தடித்து உதிர்ந்து தயிர் மாதிரி ஒரு பொருள் சுரக்கும். புரதமும் கொழுப்பும் நிறைந்தது. ஆண், பெண் இரண்டும் சுரக்கும், இரண்டும் ஊட்டும். டிராகன்போர்ன் குலத்தில் தகப்பனும், முட்டையிடாத சித்தியும், யாரும் ஊட்ட முடியும் என்றால் ‘பிள்ளை குலத்தின் பிள்ளை’ என்பது வெறும் பேச்சாக நிற்காமல் உடம்பிலேயே இருக்கும். நான்காம் நாள் தொடங்கி ஆறு வாரம் இந்தப் பால், பிறகு மென்று கொடுத்த மாமிசம், மூன்றாம் மாதத்திலிருந்து எல்லாம்.

கேள்வி: 3 வயதில் 10, அப்படியானால் 6 வயதில் 20-ஆ? எங்கள் டிஎம் அப்படித்தான் கணக்குப் போடுகிறார். இவ்வளவு வேகமாக வளரும் பிள்ளைக்குச் சாப்பாடு எவ்வளவு ஆகும்?
– வாசகர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்

உங்கள் டிஎம் புத்தகத்தின் அடுத்த வரியைப் பார்க்கச் சொல்லுங்கள். பெரிய ஆளாவது 15-ல். முதல் 3 வருடத்தில் மனிதரின் 10 வருடம் ஓடிவிடுகிறது. மிச்ச 12 வருடத்தில் 10-லிருந்து 18 வரையான 8 வருடம்தான் நடக்கிறது. அதாவது 3 வயதுக்குப் பிறகு டிராகன்போர்ன் மனிதரைவிட மெதுவாகத்தான் முதிர்கிறது. 6 வயது என்றால் மனிதக் கணக்கில் 12, 9 என்றால் 14, 12 என்றால் 16. இந்த இனத்தின் குணம் முழுக்க இதில்தான் இருக்கிறது என்பது எங்கள் உறுதியான எண்ணம்: மழலைப் பருவம் கண்மூடித் திறப்பதற்குள் போய்விடும், விடலைப் பருவம் நீண்டு கிடக்கும். குலத்தின் பயிற்சி, கோபம், காதல், ஓடிப்போவது எல்லாம் நடக்க 12 வருடம் இருக்கிறது. கதையை அங்கே வையுங்கள். குட்டியாகத் தத்தி நடக்கும் காட்சிக்கு ஒரு செஷன் போதும்.

முதல் மூன்று வருடத்தில் பிள்ளையின் ஒரு மாதம் மனிதரின் மூன்று மாதத்துக்குக் கொஞ்சம் மேல். நாலாம் மாதத்துக்குள் முதல் சொல், ஏழாம் மாதம் இரண்டு மூன்று சொல் சேர்த்த வாக்கியம், ஒரு வருடம் பத்து மாதத்தில் பால்பல் விழும். ஆனால் அனுபவம் நாள்கணக்கில்தான் சேரும். அந்த 3 வயதுப் பிள்ளை 10 வயதுப் பிள்ளை மாதிரி வாதாடும், கணக்குப் போடும்; வாழ்க்கையில் பார்த்ததோ மூன்றே மூன்று தைப்பூசம்தான். பொய் சொல்பவனை அதற்கு அடையாளம் தெரியாது. இன்சைட் (எதிராளியின் மனதைப் படிக்கும்) சோதனையில் டிஸ்அட்வான்டேஜ் (இரண்டு முறை உருட்டிச் சிறியதை எடுப்பது) கொடுங்கள்; இன்வெஸ்டிகேஷனில் (துப்புத் துலக்குவதில்) கொடுக்காதீர்கள்.

சாப்பாடு. 3 கிலோ பிள்ளை 3 வருடத்தில் 32 கிலோ ஆகிறது என்றால் ஒரு நாளைக்கு 26, 27 கிராம் கூடுகிறது. மனிதக் குழந்தை முதல் மூன்று மாதத்தில் கூடுவதும் நாளைக்கு 25, 30 கிராம்தான். பிறகு அந்த வேகம் தளர்ந்துவிடும். டிராகன்போர்ன் பிள்ளைக்கு அந்தக் கைக்குழந்தை வேகம் மூன்று வருடமும் தளர்வதேயில்லை. விதிப்படி வளர்ந்த கேரக்டருக்கு நாளைக்கு ஒரு பவுண்டு உணவு. எங்கள் மேசையில் ஆறு மாதப் பிள்ளைக்கே அந்த ஒரு பவுண்டு. ஒரு வயதிலிருந்து மூன்று வயதுவரை ஒன்றரை. அதற்கப்புறம் மறுபடி ஒன்று. பயணத்தில் இருக்கும் கட்சிக்கு இது நிஜமான சுமை. ரேஷன் கணக்கைத் தளர்த்தாதீர்கள்.

எடையைவிட எலும்புதான் முக்கியம். வீட்டில் ஊர்வன வளர்ப்பவர்களிடம் வரும் பெரிய வியாதி, சுண்ணாம்புச் சத்தும் வெயிலும் போதாமல் எலும்பு மெலிவது: தாடை ரப்பர் மாதிரி நெகிழும், கால் வளையும், கை நடுங்கும். வெறும் சதையைக் கொடுத்தால் பாஸ்பரஸ் கூடி நிலைமை மோசமாகும். எலும்போடு கூடிய மீன், இடித்த முட்டை ஓடு, தினம் வெயில், இவை மூன்றும் வேண்டும். பூமிக்கடியில் இருக்கும் இருட்டு உலகமான அண்டர்டார்க்கில் வளரும் டிராகன்போர்ன் பிள்ளைக்கு வெயில் எங்கிருந்து வரும்? அங்கே ஒரு முழு கதை காத்திருக்கிறது.

செதில் உரிவதையும் சொல்லிவிடுகிறோம். இந்த வேகத்தில் வளர்ந்தால் மாதம் ஒருமுறை சட்டை உரியும். விரல் நுனியில் பழைய தோல் வளையமாக இறுகினால் ரத்தம் ஓடாமல் விரல் கறுத்துப்போகும். உலர்ந்த தோலை இழுக்கக் கூடாது. வெதுவெதுப்பான தண்ணீரில் அரை மணி ஊறவைத்து ஈரத் துணியால் உருட்டி எடுக்க வேண்டும்.

கேள்வி: மூச்சு ஆயுதம் எந்த வயதில் வரும்? பிள்ளை தும்மினால் வீடு பற்றிக்கொள்ளுமா?
– வாசகி, லெனேசியா

மூச்சு ஆயுதம் என்பது வம்சத்து டிராகனைப் பொறுத்து நெருப்பு, குளிர், அமிலம், விஷம் என்று வாயிலிருந்து பீறிடுவது. அது வரும் வயதைப் புத்தகம் சொல்லவில்லை. ஆனால் புத்தகத்திலுள்ள எண்களை வைத்துப் பார்த்தால் விஷயம் தெளிவாகும். முதல் லெவலில் மூச்சின் சேதம் 2டி6 (இரண்டு ஆறுமுகப் பகடைகளின் கூட்டல்), சராசரி 7. சாதாரண ஊர்க்காரருக்கு 4 ஹிட் பாயிண்ட் (உயிர்ப் புள்ளி). சேதத்தில் மிஞ்சியது அவருடைய முழு ஹிட் பாயிண்டுக்குச் சமமானால் அந்த இடத்திலேயே மரணம். ஆகவே 8 விழுந்தாலே போதும். 2டி6-ல் 8 அல்லது அதற்கு மேல் விழும் வாய்ப்பு 36-க்கு 15. மனித ஆயா ஒருவர் சேவிங் த்ரோவில் (அடியைத் தவிர்க்கும் உருட்டில்) தவறினால் ஐந்தில் இரண்டு தடவை செத்துப்போவார். அதே இடத்தில் பிள்ளையின் வம்சத்தைச் சேர்ந்த டிராகன்போர்ன் தாய் இருந்தால், தன் வம்சத்து மூச்சைத் தாங்கும் ரெசிஸ்டன்ஸ் சேதத்தைப் பாதியாக்கும்: சராசரி 3, அடிபட்டாலும் நின்றுகொண்டிருப்பார். ஒரே ஈட்டுப் பிள்ளைகளும் ஒருவருக்கொருவர் ஆபத்தில்லை. ஆக, சொந்த வம்சத்துக்குள் வளரும் பிள்ளையால் பெரிய கேடு வராது. நெருப்பு மூச்சுள்ள சிவப்பு வம்சப் பிள்ளையைக் குளிர் மூச்சுள்ள வெள்ளி வம்சத்தார் தத்தெடுத்தாலோ, மனிதர் வளர்த்தாலோதான் ஆபத்து. தத்துப்பிள்ளைக் கதை ஆடுபவர்கள் இதைக் கட்டாயம் யோசிக்க வேண்டும்.

உடலமைப்புக்குப் பாம்பார்டியர் வண்டு நல்ல மாதிரி. அதன் வயிற்றில் இரண்டு அறை. ஓர் அறையில் ஹைட்ரோகுவினோனும் ஹைட்ரஜன் பெராக்சைடும் சும்மா கிடக்கும். நொதி உள்ள அடுத்த அறைக்குத் தள்ளியதும் கொதித்து 100 டிகிரியில் பீறிடும். கலக்கும்வரை ஆபத்தில்லை. பிள்ளைக்கும் சுரப்பி பிறவியிலேயே இருக்கும், இரண்டாவது அறையின் வால்வு மட்டும் முற்றாது. எங்கள் விதி: 3 வயதுவரை வாயோரம் பொறி, புகை, புளித்த வாடை மட்டும். 3-லிருந்து 6 வரை 1 புள்ளி சேதம், ஐந்தடிக்குள். 6-ல் 1டி4, 9-ல் 1டி6, 12-ல் 1டி8, 15-ல் முழு 2டி6. தவிர்ப்பதற்குச் சேவிங் த்ரோவில் எட்ட வேண்டிய எண் எல்லா வயதுக்கும் 10. 2024 பதிப்பை ஆடுகிறவர்களுக்கு முழு அளவு 1டி10. கடைசிப் படியை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.

அமில வம்சப் பிள்ளைக்குப் பல்லைக் கவனியுங்கள். வால்வு கசிந்தால் முன்பல் அரித்துப் போகும். சாம்பல் கரைத்த தண்ணீரில் வாய் கொப்பளித்துத் துப்புவது குல வழக்கமாக இருக்கட்டும். விஷ வம்சத்தாருக்கு மூடிய அறையில் பிள்ளையைத் தூங்கவைக்கும் பழக்கமே கூடாது.

கேள்வி: அம்மா தங்கம், அப்பா கறுப்பு. பிள்ளை என்ன நிறம்?
– வாசகர், வெருலம்

விதிப்படி ஒரே ஒரு வம்சம்தான் தேர்ந்தெடுக்க முடியும். கலப்பு மூச்சு கிடையாது. ஒற்றை விழுந்தால் தாய், இரட்டை விழுந்தால் தகப்பன் என்று டைஸ் போட்டுவிடுங்கள். செதில் நிறத்தை மூச்சோடு கட்ட வேண்டியதில்லை. தலைமுறை தலைமுறையாகக் கலந்து பெரும்பாலோர் பித்தளை, வெண்கல நிறத்தில்தான் இருக்கிறார்கள் என்று புத்தகமே சொல்கிறது. ஆணா பெண்ணா என்பதைக் கூட்டின் சூடு தீர்மானிக்கலாம்: அமெரிக்க அலிகேட்டரில் 30 டிகிரியில் பெண், 33-ஐ ஒட்டி ஆண். இந்த விதியை எடுத்துக்கொண்டால், கூட்டுக்குக் காவலிருக்கும் பாட்டிக்குக் குலத்தில் இருக்கும் அதிகாரம் ராஜாவுக்குக்கூட இருக்காது.

கேள்வி: லிசார்ட்ஃபோக், கோபோல்ட், டிராக்கோனியன் இவர்களுக்கும் இதே வளர்ப்பு முறைதானா?
– வாசகர், செயின்ட் ஆந்த்ரே, ரியூனியன்

இல்லை. ஐந்தாம் பதிப்பில் பல்லி மனிதரான லிசார்ட்ஃபோக் 14 வயதை ஒட்டிப் பெரியவராகி 60-ஐத் தாண்டுவது அபூர்வம். ஊர்வன மாதிரியான குட்டை இனமான கோபோல்ட் 6 வயதிலேயே பெரிய ஆள். 120 வரை வாழ முடியும், வாழ்வதுதான் இல்லை. கோபோல்டுக்கு நிறைய முட்டை, குறைந்த கவனிப்பு என்று வைப்பது சரி. டிராக்கோனியன் கதையே வேறு: டிராகன்லான்ஸ் உலகில் உலோக டிராகன்களின் முட்டைகளைத் திருடி மந்திரத்தால் கெடுத்து உண்டாக்கியவர்கள் அவர்கள். பித்தளையிலிருந்து பாஸ், செம்பிலிருந்து கபாக் என்று ஐந்து வகை. குடும்பம் இல்லாமல் படைக்காகவே பிறந்தவர்கள். டிராகன்போர்ன் வளர்ப்பு முறையை அவர்கள் மேல் போட்டால் அந்த இனத்தின் துயரமே காணாமல் போய்விடும். 3.5 பதிப்பில் வரும், டிராகன் தெய்வமான பஹமுட்டின் டிராகன்போர்னும் தனி: வளர்ந்த ஒருவர் சடங்கின் வழியாக முட்டைக்குள் போய் மறுபிறவி எடுக்கிறார், அங்கே பிள்ளைப் பருவமே கிடையாது.

கேள்வி: என் மகளுக்கு 10 வயது. டிராகன்போர்ன் பிள்ளையாகவே ஆட ஆசைப்படுகிறாள். கேரக்டர் ஷீட் எப்படிப் போடுவது? பெயர் எப்படி?
– வாசகி, சாட்ஸ்வொர்த்

அருமையான ஆசை, விட்டுவிடாதீர்கள். 3 வயது டிராகன்போர்னாக ஆடட்டும்; உடலும் அறிவும் அவளுடைய வயதுக்கே ஒத்துப்போகும். ஐந்தாம் பதிப்பில் பிள்ளைகளுக்குத் தனி விதி இல்லை, வழக்கமான முதல் லெவல் ஷீட்டையே போட்டுச் சின்னச் சின்ன மாற்றம் செய்யுங்கள். 10 வயது உயரம் 138 செ.மீ. போல, நாலரை அடி. ஸ்மால் அளவு ஏறக்குறைய நாலடியோடு முடிகிறது, ஆகவே இவள் மீடியம்தான். ஸ்ட்ரெங்த்தில் 2 குறையுங்கள், மற்ற எதையும் தொட வேண்டாம். மூச்சு 1 புள்ளி என்பது ஆடுகிற பிள்ளைக்கு ஏமாற்றமாக இருக்கும். லாந்தர் ஏற்றலாம், கயிற்றை எரிக்கலாம், பூட்டை உறைய வைக்கலாம் என்று சேதமில்லாத பயன்களைத் தாராளமாகக் கொடுங்கள். பிறந்தநாள் வரும்போது சேதத்தை ஏற்றிக்கொள்ளலாம்.

பெயரில் குலப்பெயர் முன்னால் வரும், சொந்தப் பெயர் பின்னால்; நாம் இனிஷியலை முன்னால் போடுகிற மாதிரியே. அதோடு ஒரே ஈட்டுப் பிள்ளைகள் செல்லப்பெயர் ஒன்று வைத்துக் கூப்பிடுவார்கள். புத்தகத்தில் உள்ளவை ‘ஏறுகிறவள்’, ‘தாவுகிறவன்’, ‘கேடயம் கடிப்பவன்’ என்ற ரகம், ஏதோ ஒரு செயலைப் பார்த்து வைத்தவை. முதல் செஷனில் பெயர் இல்லாமல் ஆடவிட்டு, அவள் செய்யும் முதல் துணிச்சலான காரியத்தை வைத்து மற்ற வீரர்கள் பெயர் சூட்டட்டும். ஷீட்டில் வயதை வருடமாக எழுதாமல் மாதமாக எழுதுங்கள், 36-லிருந்து தொடங்கி. செஷன்களுக்கு நடுவே ஆட்டத்தில் எத்தனை மாதம் ஓடியது என்று அப்போதுதான் விடாமல் கணக்கு வைப்பீர்கள்.